இருண்ட திரையும் விழித்திருக்கும் கணினியும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாட் காலை எட்டு மணியளவில் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எனக்குப் பாடஞ் சொல்லித் தந்தவரல்லர். ஆயினும் ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை 'ரீச்சர்' என்றே அழைப்பேன். "தம்பி, கொம்பியூட்டர் கறுத்துப் போச்சு. எல்லாம் போட்டுதோ?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

அவர் சொன்ன 'எல்லாம்' சிறியதன்று. பதினொரு ஆண்டுகளாக அவர் ஊரூராய்ச் சென்று, வயல்களுக்கும் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதி, ஊருக்கொரு கோப்பாகத் தமது கணினியிலே தொகுத்து வந்தார். அப்பெயர்களைச் சொன்னவர்களிற் பலர் இன்று இல்லை. முதல்நாள் இரவு கணினி தன்னை இற்றைப்படுத்திக் கொண்டது. காலையில் விசையை அமுக்கியபோது உற்பத்தியாளரின் சின்னம் தோன்றி மறைந்தது. அதன்பின் திரை இருண்டுவிட்டது. அயலிலுள்ள இளைஞரொருவர் பென் டிரைவ் ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு, யாவற்றையும் புதிதாக நிறுவித் தருவதாகச் சொல்லி வந்து நின்றார். நல்லெண்ணத்துடன் வந்தவர்தாம். ஆனால் அந்தப் பென் டிரைவிலிருந்து எழும் நிறுவு நிரல் கேட்கும் வினாக்களுள் ஒன்று, வன்தட்டு முழுவதையும் அழித்துவிடலாமா என்பது. அதற்கு 'ஆம்' என்றால், பதினொரு ஆண்டுகளும் சில நிமிடங்களிற் போய்விடும்.

நேயர்களே, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் வரைகலை அட்டை காரணமாக நேரும் காட்சிக் கோளாறுகளை எவ்வாறு இனங்காண்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இத்துறையிற் புலமை பெற்றோருக்கு இதிற் புதியது யாதுமில்லை. வீட்டிலே ஒரு கணினியை வைத்து எழுதியும் படித்தும் வருகின்றவர்கள், திரை இருண்ட அந்த முதல் அரைமணி நேரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் நோக்கம்.

திரையில் நாம் காணும் படம் பல கைகள் மாறி வருவது. மின்விசையை அமுக்கியதும் தாய்ப்பலகையிலுள்ள தொடக்க நிரல் விழிக்கின்றது. உற்பத்தியாளரின் சின்னத்தைக் காட்டுவது அதுவே. அது 'கிரப்' எனப்படும் தொடக்கிக்கு வழிவிடுகின்றது. கிரப், லினக்ஸின் கருவாகிய 'கேர்னல்' என்பதை வன்தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றுகின்றது. கேர்னல், வரைகலை அட்டையை இயக்கவல்ல துணைநிரலைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கின்றது. ஆங்கிலத்தில் அதனை 'ட்ரைவர்' என்பர். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவரைச் சாரதி என்கின்றோமாதலால், இப்பேச்சிற் சாரதி என்றே வழங்குகின்றேன். சாரதி அமர்ந்தபின், சாளரங்களையும் எழுத்துக்களையும் ஒழுங்குபடுத்தித் தரும் காட்சி நிரல் எழுகின்றது. அதன்மேலேதான் கடவுச்சொல் கேட்கும் பக்கமும், பின்னர் நாம் வேலைசெய்யும் தளமும் தோன்றுகின்றன. ஆகவே, திரை இருண்டது என்று மாத்திரம் சொல்வது, கடிதம் வரவில்லை என்று சொல்வதை ஒக்கும். எழுதியவர் எழுதவில்லையா, எழுதியும் பெட்டியிற் போடவில்லையா, புகைவண்டி தாமதித்ததா, தபாற்காரர் வீடு மாறிக் கொடுத்துவிட்டாரா என்பது தெரியாமல் எவரையும் நொந்துகொள்ளலாகாது. எந்தக் கையில் நின்றது? அதனையே முதலிற் கேட்கவேண்டும்.

அதற்கும் முன்னே, கணினிக்கு உயிர் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். விசைப்பலகையில் 'கப்ஸ் லொக்' என்று ஒரு விசை உண்டு. பெரும்பாலான பலகைகளில் அதனை அமுக்கினால் ஒரு சிறு விளக்கு எரியும், மீண்டும் அமுக்கினால் அணையும். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் கேர்னலின் வேலை. ஆதலால் விளக்கு நம் விரலுக்குக் கீழ்ப்படிகின்றதாயின், திரை எவ்வளவு இருண்டிருந்தாலும் உள்ளே கேர்னல் விழித்திருக்கின்றது என்று துணியலாம். சில கணினிகளில் கேர்னல் முற்றாக நிலைகுலைந்துவிட்டால், யாரும் தொடாமலே அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னும். அஃது வேறொரு நோய்.

"ரீச்சர், அந்தத் தம்பியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கோ. கப்ஸ் லொக்கை ஒருக்கா அமத்திப் பாருங்கோ, வெளிச்சம் பத்துதோ?"

"ஓம், பத்துது. திரும்ப அமத்தினால் நூருது."

"அப்ப உயிர் இருக்கு, ரீச்சர்."

உற்பத்தியாளரின் சின்னமே தோன்றாமல், தொடக்கம் முதலே திரை இருண்டிருக்குமாயின், லினக்ஸின்மேற் பழி போடுவதற்கு இடமில்லை. லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. அப்பொழுது பார்க்கவேண்டியவை கைக்கு எட்டுவனவே. திரைக்கு மின் வருகின்றதா? திரையில் உள்ளீட்டைத் தெரிவுசெய்யும் பொத்தான் சரியான துளையைச் சுட்டுகின்றதா? கேபிள் இரு முனையிலும் இறுக இருக்கின்றதா? மேசைக்கணினியின் பின்புறத்தில் திரைக்கான துளைகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று தாய்ப்பலகைக்குரியது, மற்றையது தனியாகப் பொருத்திய வரைகலை அட்டைக்குரியது. கணினியை இடம் மாற்றித் தூசு தட்டியபின் கேபிளைத் தவறான துளையிற் செருகிவிட்டு, அட்டை பழுதென்று கடைக்குத் தூக்கிச் சென்றவர்களை நான் அறிவேன். வலுமிக்க அட்டைகளுக்குத் தனியான மின்னிணைப்பு வேண்டும். அதனைச் செருக மறந்துவிட்டால் விசிறி சுழன்றாலும் படம் வராது.

இன்னொன்று. உற்பத்தியாளரின் சின்னத்திலேயே கோடுகளும் புள்ளிகளும் சிதறித் தோன்றுமாயின், அட்டையோ அதன் நினைவகமோ கேபிளோ பழுதுபட்டிருக்கின்றது. அதற்கு எந்த நிரலாலும் மருந்திட இயலாது. இதனை முன்னரே அறிந்துகொண்டால் ஒரு வாரத்து வீண்முயற்சி மிஞ்சும்.

ரீச்சருடைய கணினியிற் சின்னம் ஒழுங்காகத் தோன்றியது, கேர்னலும் விழித்திருந்தது. ஆகவே தடை அதற்குப் பின்னே எங்கோ நேர்ந்திருக்கவேண்டும். அடுத்ததாக நான் அவரைச் செய்யச் சொன்னது, 'கொன்ட்ரோல்', 'ஓல்ட்' என்னும் இரு விசைகளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மேல்வரிசையில் உள்ள 'எஃப் 3' என்னும் விசையைத் தட்டுவது. மடிக்கணினியாயின் சிலவற்றில் 'எஃப் என்' என்னும் விசையையும் சேர்த்துப் பிடிக்கவேண்டி வரும். லினக்ஸ், படத்தளம் ஒன்றை மாத்திரம் நம்பி வாழ்வதன்று. அதன் பின்னே வெறும் எழுத்துக்களாலான தளங்கள் சில எப்போதும் காத்திருக்கும். முன்வாசல் பூட்டிக் கிடந்தாலும் அடுக்களை வாசலால் உள்ளே போகலாம் என்பதுபோல.

"எழுத்து வந்திட்டுது, தம்பி!"

பயனர் பெயரை அடித்தார். கடவுச்சொல்லைக் கேட்டது. சிறிது நேரம் மறுமுனையில் மௌனம். "நான் அடிக்கிறது ஒண்டும் விழேல்லை" என்றார் கலக்கத்துடன். இவ்விடத்தில் அனேகர் தடுக்கி விழுவதுண்டு. எழுத்துத் தளத்திற் கடவுச்சொல்லை அடிக்கும்போது, புள்ளியோ நட்சத்திரமோ எதுவும் திரையிற் தோன்றாது. எத்தனை எழுத்தென்பதைப் பின்னால் நிற்பவர் எண்ணிவிடலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அடித்து முடித்து 'என்டர்' விசையைத் தட்டச் சொன்னேன். உள்ளே போனார்.

கோப்புக்கள் இருக்கும் அடைவுக்குச் சென்று, 'எல்', 'எஸ்' என்னும் இரண்டெழுத்துக்களை அடித்து 'என்டர்' தட்டினால், அங்குள்ள கோப்புக்களின் பெயர்கள் வரிசையாக வரும். வந்தன. ஆனால் அவர் தம் கோப்புக்களுக்குத் தமிழிலே பெயர் வைத்திருந்தார். அந்த எழுத்துத் தளத்துக்குத் தமிழ் தெரியாது. ஊர்ப்பெயர்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தோன்றின. எல்லாம் சிதைந்துவிட்டன என்றே அவர் நினைத்துவிட்டார். கோப்புக்கு ஒன்றும் நேரவில்லை, காட்டுகின்ற தளத்திடம் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் என்று விளக்கிவிட்டு, எத்தனை வரிசை என்று எண்ணச் சொன்னேன். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார் போலும், நெடுநேரம் எடுத்தது. "43" என்றார். 43 ஊர்கள். ஒன்றும் குறையவில்லை.

வரைகலை அட்டை படம் வரைவதை நிறுத்திவிட்டாலும் வன்தட்டில் உள்ளவை அப்படியே கிடக்கும். அட்டைக்கும் வன்தட்டுக்கும் நேரான உறவு ஏதும் இல்லை. பதற்றத்தில் மின்னைச் சடுதியாகத் துண்டிப்பதனாலும், புதிதாக நிறுவப் புகுவதனாலுமே இழப்பு நேர்கின்றது. எழுத்துத் தளமும் திறக்க மறுக்கும்போது கணினியை எவ்வாறு நிறுத்துவது என்று கேட்பீர்கள். மின்விசையை ஒருமுறை மெல்லத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். பெரும்பாலும் கணினி தானே ஒழுங்காக அடங்கிவிடும். அதற்கும் இணங்காவிடின், 'ஓல்ட்' விசையையும் 'பிரின்ட் ஸ்கிரீன்' என்று பொறித்த விசையையும் ஒருங்கே பிடித்துக்கொண்டு, 'எஸ்', 'யூ', 'பி' என்னும் மூன்றெழுத்துக்களையும் இடையிடையே சில வினாடிகள் விட்டுத் தட்டுக. முதலாவது, எழுதாமல் எஞ்சியிருப்பதை வன்தட்டில் எழுதிவிடும். இரண்டாவது, இனி எழுதலாகாது என்று வன்தட்டைப் பூட்டிவிடும். மூன்றாவது, கணினியை மீளத் தொடக்கும். பல லினக்ஸ் வழங்கல்களில் இவ்வழி திறந்தே இருக்கும். மின்விசையை விடாது அழுத்திப் பிடித்து அணைப்பது இவற்றுக்கெல்லாம் பிந்தியதாகவே இருக்கட்டும்.

இனி, ஓரிரவில் ஏன் இப்படியாயிற்று என்று பார்ப்போம். இதற்குச் சிறிது பழங்கதை சொல்லவேண்டும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் இந்தக் கேர்னலை வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். உலகெங்குமிருந்து பலர் திருத்திக்கொண்டே இருப்பதனால், அதன் உள்ளமைப்பு இடையறாது மாறிவரும். உள்ளே சாரதிகள் அமரும் ஆசனத்தின் அளவும் வடிவும் ஒரு பதிப்பிற் போல அடுத்த பதிப்பில் இருக்கும் என்ற உறுதி இல்லை. கேர்னலோடு சேர்ந்தே வளரும் சாரதிகளுக்கு இதனால் இடர் இல்லை. ஆசனத்தை மாற்றுபவரே சாரதியையும் மாற்றி அமைத்துவிடுவார். வெளியே நின்று வரும் சாரதிக்குத்தான் சங்கடம்.

வரைகலை அட்டைகளைச் செய்வோருள் இன்டெல் நிறுவனத்தார் தம் சாரதியைக் கேர்னலுக்குள்ளேயே வளர்த்தனர். ஏ.எம்.டி. நிறுவனத்தார், 2006இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை வாங்கியபின், 2007ஆம் ஆண்டு தொடக்கம் அட்டைகளின் விவரக்குறிப்புக்களை வெளியிட்டு அவ்வழியே வந்தனர். என்விடியா நிறுவனத்தார் நெடுங்காலம் மூலநிரலை வெளியிடாது, மூடிய பொதியாகவே தம் சாரதியைத் தந்தனர். ஆதலால், அந்த அட்டைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆர்வலர் சிலர் வெளியிலிருந்து கூர்ந்து நோக்கி, 'நூவோ' என்னும் திறந்த சாரதியைத் தாமே ஆக்கினர். 'நூவோ' என்பது புதியது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். 2010ஆம் ஆண்டில் அது கேர்னலுக்குள் இடம்பெற்றது. கைநூல் இல்லாமல் ஒரு யந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்டவர்களின் பொறுமையை நான் வியக்கின்றேன். ஆயினும் பல அட்டைகளில் அதன் வேகம் மூடிய சாரதிக்கு ஈடாகவில்லை. 2012ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்திற் பேசிய டோர்வால்ட்ஸ், என்விடியா நிறுவனத்தைப் பகிரங்கமாகவும் மிகக் கடுமையாகவும் கண்டித்தார். அந்நிறுவனம் தன் சாரதியின் கேர்னற் பகுதியைத் திறந்த நிரலாக வெளியிட்டது 2022ஆம் ஆண்டு மே மாதத்தில். அதுவும் 2018இல் வந்த தலைமுறை அட்டைகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே பொருந்தும்.

திறந்ததாயினும் மூடியதாயினும், கேர்னலுக்கு வெளியிலிருந்து வரும் சாரதியை ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் ஏற்பப் புதிதாகப் பொருத்தியாகவேண்டும். அந்த வேலையைச் செய்ய 'டி.கே.எம்.எஸ்.' என்றொரு துணைக்கருவி உண்டு. புதிய கேர்னல் வந்திறங்கியதும் அது விழித்துக்கொண்டு, அதற்குரிய சாரதியைக் கட்டி வைக்கும். அவ்வாறு கட்டுவதற்கு அந்தக் கேர்னலின் 'ஹெடர்' கோப்புக்கள், அதாவது ஆசனத்தின் அளவுக்குறிப்புக்கள், வன்தட்டில் இருக்கவேண்டும். அவை இல்லாவிடின் கருவி தோல்வியை ஒரு மூலையிற் குறித்துவிட்டு ஓய்ந்துவிடும். மறுநாட் காலை கேர்னல் புதியது, சாரதி இல்லை, திரை இருள். ரீச்சருடைய கணினியில் நிகழ்ந்தது இதுவே. அவருக்கு ஒரு பிழையும் இல்லை. இற்றைப்படுத்துக என்று கணினி கேட்டது, இற்றைப்படுத்தினார்.

பரிகாரம் எளிது. லினக்ஸ் வழங்கல்கள் புதிய கேர்னல் வந்தபின்னும் பழையதை உடனே அகற்றுவதில்லை. கணினியை மீளத் தொடக்கி, சின்னம் தோன்றியதும் 'எஸ்கேப்' விசையைத் தட்டினால், பழைய வகைக் கணினியாயின் 'ஷிஃப்ட்' விசையை அமுக்கிப் பிடித்திருந்தால், கிரப்பின் பட்டியல் வெளிப்படும். அதில் மேலதிகத் தெரிவுகள் என்னும் பொருள்பட ஒரு வரி உண்டு. அதனுள்ளே கேர்னல்கள் எண்வரிசையில் இருக்கும். முன்னைய எண்ணைத் தெரிவுசெய்யச் சொன்னேன். படம் வந்துவிட்டது. அயல்வீட்டு இளைஞரே தம் வீட்டுக்கு ஓடிப்போய் வேறொரு பென் டிரைவைக் கொண்டுவந்து 43 கோப்புக்களையும் படியெடுத்துக் கொடுத்தார். அதன்பிறகுதான் ஹெடர் கோப்புக்களை நிறுவினோம்; சாரதி புதிய கேர்னலுக்கும் கட்டப்பட்டது. அந்த ஒழுங்கு முக்கியமானது: முதலிற் படி, பிறகு பரிகாரம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அட்டை செய்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து சாரதியை நேரே இறக்கி நிறுவுவதும், பின்னர் லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தும் அதையே நிறுவுவதும் ஆகாது. இருவர் ஒரே ஆசனத்தில் ஏறினால் வண்டி ஓடாது. வழங்கலின் களஞ்சியத்தில் உள்ளதையே நிறுவுங்கள். பழுதுபட்டால் நீக்குவதும் அவ்வழியே எளிதாகும்.

சாரதி ஒழுங்காகக் கட்டப்பட்டும் அமர மறுப்பதுண்டு. இன்றைய கணினிகளில் 'செக்யூர் பூட்' என்னும் காவல் ஏற்பாடு இருக்கின்றது. அது இயங்கும்போது, அறிந்த முத்திரை இல்லாத துணைநிரலைக் கேர்னல் உள்ளே விடாது. நம் கணினியிலேயே கட்டப்பட்ட சாரதிக்கு நாமே ஒரு முத்திரையை உண்டாக்கிப் பதிந்துகொள்ளவேண்டும். நிறுவும்போது வழங்கல் ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லைக் கேட்கும். மறுமுறை தொடங்கும்போது நீலநிறமான ஒரு பக்கம் எழுந்து, முத்திரையைப் பதியலாமா என்று வினவும். அதைக் கண்டு நச்சுநிரலோ என அஞ்சி, தொடர்க என்று தட்டிவிட்டுப் போகின்றவர்கள் பலர். முத்திரை பதியப்படாது, சாரதியும் வாயிலில் நின்றுவிடும். கேர்னலின் பதிவேட்டிலே, திறப்பு மறுக்கப்பட்டது என்னும் பொருளில் ஒரு வரி காணப்பட்டால் காரணம் இதுவென அறிக. சாரதியை மீள நிறுவினால் அந்த நீலப்பக்கத்தை மறுபடியும் வரச் செய்யலாம்.

பதிவேடு என்றேன். கணினி தன் ஒவ்வொரு தொடக்கத்தையும் நாட்குறிப்புப்போல எழுதி வைக்கின்றது. எழுத்துத் தளத்தில் 'ஜேர்னல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பின்னே சி, டி, எல் என்னும் மூன்றெழுத்துக்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து, பின்பு இடைவெளி விட்டுச் சிறுகோடும் பி என்னும் எழுத்தும், மீண்டும் இடைவெளி விட்டுச் சிறுகோடும் 1 என்னும் இலக்கமும் அடித்தால், இதற்கு முந்திய தொடக்கத்தின் குறிப்பு விரியும். அதாவது, திரை இருண்டபோது உள்ளே நடந்ததைப் படம் வந்தபின் ஆறுதலாக வாசிக்கலாம். எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்தெழுத்தின் பின் இடைவெளி விட்டுச் சிறுகோடும் கே என்னும் எழுத்தும் அடித்தால், உள்ளேயிருக்கும் அட்டைகளின் பெயரும், ஒவ்வொன்றையும் இப்பொழுது இயக்குகின்ற சாரதியின் பெயரும் வரும். வரைகலை அட்டையின் கீழே சாரதியின் பெயர் காணப்படவில்லையாயின் மேலும் ஆராய வேண்டியதில்லை.

பழைய கேர்னலும் உதவாவிட்டால், அல்லது புதிதாக வாங்கிய கணினியில் முதன்முறை லினக்ஸை ஏற்றும்போதே திரை இருண்டால் என்ன செய்வது? கிரப்பின் பட்டியலில் நின்று 'ஈ' என்னும் எழுத்தைத் தட்டினால் தொடக்கக் கட்டளைகள் தெரியும். அவற்றுள் 'லினக்ஸ்' என்னும் சொல்லால் தொடங்கும் வரியின் கடைசியில், ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதி, 'எஃப் 10' விசையைத் தட்டுக. 2009ஆம் ஆண்டளவிலிருந்து, திரையின் அளவையும் ஒழுங்கையும் நிர்ணயிக்கும் பொறுப்பைக் கேர்னல் ஏற்றுக்கொண்டது. இச்சொல், அப்பொறுப்பை எடுத்துக்கொள்ளாதே, தொடக்க நிரல் தந்த எளிய படத்தோடே நில் என்று அதற்குச் சொல்கின்றது. படம் பெரிதாகவும் மந்தமாகவும் இருக்கும், ஆனால் இருக்கும். ஒருமுறைத் தொடக்கத்துக்கு மாத்திரமே இத்திருத்தம் செல்லுபடியாகும்; ஆதலால் தவறி ஏதேனும் எழுதிவிட்டாலும் அஞ்சவேண்டியதில்லை. அதனை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, கணினி ஏன் இத்துணை மந்தம் என்று வருந்துவோரும் உளர். ஊன்றுகோல் நடப்பதற்கு உதவும். கால் ஆறியபின் அதனை வைத்துவிடவேண்டும்.

இளைஞர் கொண்டுவந்த பென் டிரைவைப் பற்றியும் ஒரு நியாயம் சொல்லியாகவேண்டும். நிறுவாமற் பரீட்சித்துப் பார்க்கும் தெரிவு அதிற் பெரும்பாலும் இருக்கும். வன்தட்டைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை எழுப்பிப் படம் ஒழுங்காக வருகின்றதா என்று பார்க்கலாம். வந்தால், அட்டையும் கேபிளும் திரையும் பெரும்பாலும் நலம். குறை வன்தட்டிலுள்ள நிரல்களில். வராவிட்டால், அட்டையின்மேல் ஐயம் வலுக்கும். அதிலிருந்துகொண்டே கோப்புக்களைப் படியெடுத்துக்கொள்ளவும் முடியும்.

காட்சிக் கோளாறுபோலத் தோன்றிக் காட்சிக்குச் சம்பந்தமில்லாதவையும் உண்டு. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தபின், திரை ஒருகணம் இருண்டு மறுபடியும் கடவுச்சொற் பக்கத்துக்கே திரும்பும். அட்டை பழுதென்று எண்ணுவர். பலவேளைகளில் வன்தட்டு நிறைந்து, ஒரு சிறு கோப்பைக்கூட எழுத இடமில்லாமையே காரணம். எழுத்துத் தளத்தில் டி, எஃப் என்னும் இரண்டெழுத்துக்களை அடித்தால் எத்தனை வீதம் நிறைந்தது என்று தெரியும். 100 என்று கண்டால், வேண்டாதவற்றை நீக்குங்கள், கதவு திறக்கும்.

படம் வருகின்றது, ஆனால் சாளரங்கள் ஊர்ந்து ஊர்ந்து நகர்கின்றன, விசிறி ஓலமிடுகின்றது என்றால், அட்டை வேலையில்லாதிருக்க, மையச் செயலியே படத்தையும் வரைந்துகொண்டிருக்கக்கூடும். அமைப்புப் பக்கத்தில் வரைகலை என்ற இடத்தில் அட்டையின் பெயருக்குப் பதிலாக 'எல்.எல்.வி.எம். பைப்' என்று கண்டால் அதுவே உண்மை, சாரதியைத் தேடுங்கள். மடிக்கணினிகள் சிலவற்றில் வரைகலைச் சில்லுகள் இரண்டு உண்டு. மின்சிக்கனமான சிறியது மடிக்கணினியின் சொந்தத் திரையை நடத்தும். வெளித்திரைக்கான துளையோ வலுமிக்க மற்றையதோடு இணைந்திருக்கும். உள்ளே படம் அழகாக இருக்க, வெளித்திரையோ மண்டப ஒளிப்பெருக்கியோ இருண்டிருந்தால், அந்த இரண்டாவது சில்லின் சாரதியைப் பாருங்கள். கூட்டத்திற் பேச எழுந்தவர்கள் இதனால் நாணி நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். முதல்நாளே ஒருமுறை இணைத்துப் பார்த்துக்கொள்வது நன்று.

ரீச்சர் பின்னொருநாளும் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை குரலில் கலக்கமில்லை. திரை முழுவதும் நீலப்பச்சை படர்ந்திருப்பதாகவும், கேர்னல் எண்ணைப் பார்த்துவிட்டதாகவும், சாரதியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதாகவும், பதிவேட்டிற் குறை ஒன்றும் எழுதியிராததாகவும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய திரை பழையது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களையும் தனித்தனிக் கம்பிகளிற் கொண்டுவரும் பழைய வகைக் கேபிளால் இணைக்கப்பட்டது. சிவப்பு அறுந்தால் எஞ்சுவது நீலமும் பச்சையுமே.

"ரீச்சர், கேபிளை ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ" என்றேன்.

"பொறும்" என்றார். மேசைக்குக் கீழே குனிகின்ற அரவம் கேட்டது. "ஒரு பக்கத்து ஆணி கழண்டு கிடக்கு, தம்பி. பூனைதான்."